ஹாரனுக்கும் பிரேக்குக்கும் ஒரே காற்று

அதிகாலையில் லாரியைக் கிளப்பும் ஓட்டுநர் உடனே கியரைப் போட்டு நகர்த்திவிட மாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, எதிரே இருக்கும் ஏர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிளீனர் அவசரப்படுத்தினாலும் "ஏர் ஏறட்டும்" என்பதுதான் பதில். முள் மெல்ல மேலேறி 8 பார் அளவை நெருங்கும்போது வண்டிக்கு அடியிலிருந்து 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். இனி வண்டி ஓடலாம், நினைத்த இடத்தில் நிற்கவும் செய்யலாம். நிற்பதற்காகத்தான் இவ்வளவு காத்திருப்பு.

கனரக லாரி எதுவாக இருந்தாலும் பிரேக்குக்காக ஒரு கம்ப்ரசர் அதன் எஞ்சினோடு சேர்ந்தே வருகிறது. ஏர் ஹாரன் மாட்டுகிறவர்கள் அந்தக் காற்றில் கொஞ்சம் பங்கு கேட்கிறார்கள். காற்றுப் பிரேக் இல்லாத பிக்கப், மினி லாரி வைத்திருப்பவர்கள் பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரசர் ஒன்றையும் ஒரு டேங்கையும் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள். எப்படிச் செய்தாலும் பட்டறையில் அரை நாள் வேலை. டியூப், வால்வு, ரிலே, பட்டன், இரண்டு குழல், அவ்வளவுதான் சாமான். ஆனால் அந்த டியூபை எங்கே சொருகுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் பிரேக்கைப் பார்த்துவிடுவோம். 25 டன் பாரத்தோடு ஓடும் வண்டியை ஒரு மனிதக் காலின் பலத்தால் நிறுத்த முடியாது. அந்த வேலையைக் காற்று செய்கிறது. 8 பார் அழுத்தம் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் ஏறத்தாழ 8 கிலோ எடை ஏறி உட்கார்ந்திருப்பதாகக் கொள்ளலாம். பிரேக் சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரத்தின் பரப்பு 150 சதுர சென்டிமீட்டருக்கு மேல். பெருக்கிப் பார்த்தால் ஒரு சக்கரத்துக்கு ஒரு டன்னுக்கும் அதிகமான தள்ளுவிசை. ஓட்டுநரின் கால் செய்வதெல்லாம் ஒரு வால்வைத் திறந்து மூடுவது மட்டுமே.

இந்த யோசனை ரயிலிலிருந்து வந்தது. அமெரிக்கர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய முதல் அமைப்பில் ஓட்டுநர் காற்றை அனுப்பினால்தான் பிரேக் பிடிக்கும். நடுவில் குழாய் அறுந்தால் ரயில் முழுவதும் பிரேக் இல்லாமல் ஓடும். 1872இல் இந்தத் தர்க்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார். குழாயில் எப்போதும் காற்று நிரம்பியிருக்கும். அழுத்தம் குறைந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும். கோளாறு வந்தால் வண்டி நிற்க வேண்டுமே தவிர ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. பாதுகாப்புப் பொறியியலில் இதைவிட நல்ல முடிவுகள் அதிகம் எடுக்கப்பட்டதில்லை என்பது என் எண்ணம். தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழில் 1962இல் வந்தது. பிரிட்டனின் கிளேட்டன் டெவாண்டர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து சென்னை பாடியில் தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன், லாரி பஸ்களுக்கான காற்றுப் பிரேக்குகளைத் தயாரித்தது.

இன்றைய லாரியின் பின்சக்கரங்களில் அதே தலைகீழ்த் தர்க்கம் ஒரு கனமான சுருள்வில்லின் வடிவில் உட்கார்ந்திருக்கிறது. காற்று அந்த வில்லை அமுக்கிப் பிடித்திருக்கும் வரையில்தான் சக்கரம் சுழலும். காற்று இறங்கினால் வில் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். காலையில் ஏர் ஏறாமல் வண்டி நகராததற்குக் காரணம் இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று இறங்கினாலும் இதேதான் நடக்கும். நாற்கரச் சாலையின் நடுவில், பின்னால் ஒரு ஆம்னி பஸ் வந்துகொண்டிருக்கையில், நடக்கும்.

அதனால்தான் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றைப் பாதுகாப்பு வால்வு ஒன்று நான்கு கிளைகளாகப் பிரிக்கிறது. முன் பிரேக்குக்கு ஒன்று, பின் பிரேக்குக்கு ஒன்று, பார்க்கிங் பிரேக்குக்கு ஒன்று. கிளட்ச் பூஸ்டர், எக்ஸாஸ்ட் பிரேக் போன்ற மற்ற வேலைகளுக்கு நான்காவது. ஏதாவது ஒரு கிளையில் ஓட்டை விழுந்தால் வால்வு அதை மட்டும் கைவிட்டு, மற்ற மூன்றையும் குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே இறங்காமல் காப்பாற்றும். ஹாரன் சேர வேண்டிய இடம் அந்த நான்காவது கிளை. ஆனால் சாலையோரத்தில் அவசரமாக மாட்டும்போது கைக்கு எட்டுவது பெரும்பாலும் பிரேக் டேங்குதான். அதில் ஒரு டீ ஜாயின்ட் போட்டு டியூபை இழுத்துவிட்டால் ஹாரன் கம்பீரமாகவே கத்தும். பிறகு ஒரு நாள் ஹாரனின் சொலினாய்டு வால்வுக்குள் துருத்துணுக்கு ஒன்று சிக்கி, வால்வு மூடாமல் போகும். அப்போது காலியாவது பிரேக்குக்கான காற்று.

ஊர்தியின் மேல் கம்ப்ரசர் என்றாலே நம்மில் பலருக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நினைவுக்கு வரும். நிமிடத்துக்கு 1,000 கன அடிக்கு மேல் காற்றைத் தள்ளும் ராட்சதக் கம்ப்ரசர்களைச் சுமந்துகொண்டு அவை நாடு முழுவதும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. பாறைக்குள் இறங்கும் சுத்தியலை அடிப்பதும், உடைந்த தூளை மேலே ஊதித் தள்ளுவதும் அந்தக் காற்றுதான். அவற்றோடு ஒப்பிட்டால் பிக்கப் வண்டியின் 12 வோல்ட் கம்ப்ரசர் விளையாட்டுச் சாமான். ஆனால் அதற்கும் இதற்கும் இரண்டு தொல்லைகள் பொது: சூடு, தண்ணீர்.

வாயுவை வேகமாக அமுக்கினால் சூடேறும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றிக்கொள்வது இதனால்தான். 27 டிகிரியில் இருக்கும் காற்றை, வெப்பம் வெளியே போக வழியில்லாமல், வளிமண்டல அழுத்தத்தைப் போல 11 மடங்குக்கு அமுக்கினால் அதன் வெப்பநிலை 300 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும் என்கிறது கணக்கு. நடைமுறையில் சிலிண்டர் சுவர் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்வதால் அவ்வளவு ஏறாது. இருந்தாலும் கம்ப்ரசரின் வாயிலிருந்து புறப்படும் முதல் துண்டு ஹோஸை சாதாரண பிளாஸ்டிக்கில் போட்டால் இளகி வெடித்துவிடும். தரமான கம்ப்ரசர்களோடு டெஃப்லான் குழாய்க்கு மேல் எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட ஹோஸைக் கொடுப்பது அலங்காரத்துக்காக அல்ல. சின்னக் கம்ப்ரசர்களைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது, நடுநடுவே ஆறவிட வேண்டும் என்று சொல்வதும் இந்தச் சூட்டுக்காகத்தான். எஞ்சினுக்கு ஒட்டினாற்போல் மாட்டினால் ஏற்கெனவே சூடான காற்றை உள்ளே இழுத்து இன்னும் சூடாக்கும். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம், தண்ணீர் தெறிக்காத உயரம், இரண்டும் வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஒரு மே மாத மாலையை நினைத்துப் பார்க்கலாம். 35 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் 27 கிராமுக்குமேல் நீராவி இருக்கும். 20 லிட்டர் டேங்க் ஒன்றை 10 பார் வரை நிரப்ப, அதில் ஏற்கெனவே இருப்பதையும் சேர்த்து, வெளியுலகின் காற்று 220 லிட்டர் வேண்டும். அதில் இருக்கும் நீராவி சுமார் 6 கிராம். ஆனால் டேங்கின் 20 லிட்டர் இடம், அதே வெப்பநிலையில், ஒரு கிராமுக்கும் குறைவான நீராவியைத்தான் தாங்கும். மிச்சம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டித் தண்ணீர், டேங்கின் அடியில் சேரும். ஒரு தடவை நிரப்பியதற்கே இது. நாள் முழுக்க ஹாரன் அடித்து நிரப்பிக்கொண்டே இருந்தால் டேங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். சொலினாய்டு வால்வில் சிக்கும் துருத்துணுக்கு பிறக்கும் இடம் அதுதான்.

பெரிய லாரிகளில் இதற்காக ஏர் டிரையர் இருக்கிறது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மணிகள். டேங்க் நிரம்பியதும் உலர்ந்த காற்றில் கொஞ்சத்தைப் பின்னோக்கி அடித்து, மணிகளில் ஒட்டிய ஈரத்தை வெளியே தள்ளிவிடும். காலையில் கேட்ட 'புஸ்ஸ்' அந்த வெளியேற்றம்தான். பிக்கப்பில் தனியாக மாட்டும் டேங்கில் டிரையர் பெரும்பாலும் இருக்காது. அடியில் ஒரு திருகு வால்வு இருக்கும். அதைத் திறந்துவிடும் பழக்கம் பலருக்கு இருக்காது.

மின்சாரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்ரசர் 30 ஆம்பியர் இழுத்தால் 12 வோல்ட்டில் 360 வாட். வோல்ட் குறைவு என்பதால் ஆம்பியர் அதிகம். ஆம்பியர் அதிகம் என்பதால் ஒயர் தடிமனாக இருக்க வேண்டும், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பட்டனுக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே ரிலே வேண்டும். அழுத்தம் ஏறியதும் மோட்டாரை நிறுத்த ஒரு பிரஷர் ஸ்விட்ச். அது பழுதானாலும் டேங்க் வெடிக்காமல் காக்க ஒரு சேஃப்டி வால்வு. காசு மிச்சம் பிடிக்கக் கூடாத சாமான் இந்தக் கடைசி வால்வு.

இனி ஹாரன். காற்று ஹாரனைப் புரிந்துகொள்ள நாதஸ்வரத்தைவிட நல்ல வழி கிடையாது. அதன் சீவாளி (ஊதும் நாக்கு), உலவு (குழல்), அணசு (விரிந்த வாய்) மூன்றும் ஹாரனில் இருக்கின்றன. சீவாளியின் இடத்தில் ஒரு மெல்லிய உலோகத் தகடு, அதாவது டயாஃப்ரம், குழலின் உள்வாயை மூடியபடி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பட்டனை அழுத்தியதும் தகட்டின் ஓரத்துக்குக் காற்று பாய்கிறது. அழுத்தம் ஏறித் தகட்டை வாயிலிருந்து தூக்குகிறது. உடனே காற்று குழலுக்குள் தப்பித்து ஓடுகிறது, அழுத்தம் விழுகிறது, தகடு திரும்ப வந்து வாயை மூடுகிறது. மீண்டும் அழுத்தம், மீண்டும் திறப்பு. வினாடிக்குச் சில நூறு முறை இது நடக்கிறது. எத்தனை நூறு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உலவு, அதாவது குழலின் நீளம். நீண்ட குழலுக்குள் அலை போய்த் திரும்ப நேரம் அதிகமாகும், அதனால் சுருதி தாழும். லாரி ஹாரனில் நீளம் வேறுபட்ட இரண்டு குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு சுருதியும் சேர்ந்து ஒலித்தால், இரைச்சலுக்கு நடுவிலும் காது அதை ஹாரன் என்று பிரித்தறிந்துகொள்ளும்.

அணசின் வேலை இன்னும் நுட்பமானது. குறுகலான குழலுக்குள் உயர் அழுத்தத்தில் துடிக்கும் காற்று, திடீரென்று திறந்த வெளியைச் சந்தித்தால் பெரும்பகுதி ஆற்றல் திரும்பிக் குழலுக்குள்ளேயே எதிரொலித்துவிடும். வாய் படிப்படியாக விரிந்தால் அழுத்தமும் படிப்படியாக இறங்கி, ஆற்றல் வெளிக்காற்றுக்குக் கைமாறும். குழலைக் கழற்றிவிட்டு டயாஃப்ரத்துக்கு மட்டும் காற்றைக் கொடுத்தால் ஒரு கரகரப்பு வருமே தவிர, ஊரைக் கூட்டும் சத்தம் வராது.

எதிரே வரும் லாரி ஹாரனை அமுக்கியபடியே நம்மைத் தாண்டிப் போகும்போது சுருதி சட்டென்று இறங்குவதைக் கவனித்திருக்கலாம். டாப்ளர் விளைவு என்று பள்ளியில் படித்ததுதான். 1845இல் டச்சு விஞ்ஞானி பைஸ் பாலட், ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி உட்ரெக்ட் அருகே இதைச் சோதித்துப் பார்த்தார். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியின் 440 ஹெர்ட்ஸ் ஹாரன், சாலையோரத்தில் நிற்பவருக்கு வரும்போது 467 ஆகவும் போகும்போது 416 ஆகவும் கேட்கும். இரண்டுக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட ஒன்பதுக்கு எட்டு. சங்கீதம் தெரிந்தவர்கள் சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்குவது என்பார்கள். நெடுஞ்சாலை டீக்கடையில் உட்கார்ந்தால் நாள் முழுக்க ரி-ச, ரி-ச என்று கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சரி, எவ்வளவு சத்தம் வேண்டும்? வண்டியில் பொருத்திய ஹாரன் 7 மீட்டர் தூரத்தில் 93 முதல் 112 டெசிபெல் வரை இருக்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 28ஆம் எண் விதி. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். உச்ச அளவான 112ஐ எடுத்துக்கொண்டால், 80 மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 91. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் லாரி 80 மீட்டரைக் கடக்க 5 வினாடிக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆகும். எச்சரிக்கை தேவைப்படும் ஆட்கள் இந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறார்கள். 91 டெசிபெல் அவர்களுக்குத் தாராளம்.

கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் போட்டிருக்கும் காருக்குள் அது மங்கலாகத்தான் கேட்கும் என்பது உண்மை. ஏர் ஹாரன் பிரியர்கள் சொல்லும் நியாயம் இது ஒன்றுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் காருக்குள் கொஞ்சம் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்று 10 டெசிபெல் ஏற்றினால், ஒலியாற்றலைப் பத்து மடங்கு ஆக்குகிறோம். லாரியின் முகப்பிலிருந்து 2 மீட்டரில் சைக்கிளில் போகிறவருக்கு, ஏற்கெனவே 123 டெசிபெல்லாக இருந்தது இப்போது 133. வலி தொடங்கும் எல்லை அது. அவருக்குக் கண்ணாடியும் இல்லை, கதவும் இல்லை. திடுக்கிடும்போது கழுத்தும் தோளும் இறுகுவது அனிச்சைச் செயல். பத்தில் ஒரு வினாடிக்குள், மூளை யோசிப்பதற்கு முன்பே நடந்துவிடும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கைகள் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் திருப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

லாரிக்குள் இருப்பவர்களுக்கும் நல்லதில்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரைப்படி 85 டெசிபெல் சத்தத்தில் ஒருநாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான். உள்காதில் இருக்கும் உணர்மயிர்ச் செல்கள் செத்தால் மனிதனுக்கு மீண்டும் முளைக்காது.

சத்தத்தின் மேல் உள்ள ஆசை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் பிக்கப் வண்டியில் ரயில் ஹாரனையே மாட்டிக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் கனவு காணும் சாமான் நேதன் ஏர்சைம் கே5எல்ஏ. ஐந்து குழல்கள், 311 முதல் 622 ஹெர்ட்ஸ் வரை ஐந்து சுருதிகள், சேர்ந்து ஒலித்தால் ஒரு கார்டு. கேட்க இனிமையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க விதிப்படி ரயில் எஞ்சினின் ஹாரன் 100 அடி தூரத்தில், அதாவது 30 மீட்டரில், 96 முதல் 110 டெசிபெல் வரை இருக்க வேண்டும். லெவல் கிராசிங்கை அடைவதற்கு 15 முதல் 20 வினாடிக்கு முன்பே அதை ஊதத் தொடங்க வேண்டும்.

ரயிலுக்கு ஏன் அவ்வளவு சத்தம்? பாரமேற்றிய நீண்ட சரக்கு ரயில் முழு வேகத்திலிருந்து நிற்க ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். தண்டவாளத்தை விட்டு விலகவும் முடியாது. ஓட்டுநர் ஒருவரைக் கண்ணால் பார்த்த பிறகு பிரேக்கால் காப்பாற்ற முடியாது. ஒலியால் மட்டுமே முடியும். லாரியின் நிலைமை அப்படியில்லை. அதற்கு ஸ்டியரிங் இருக்கிறது, நல்ல பிரேக் இருக்கிறது. சில பத்து மீட்டரில் நின்றுவிடக்கூடிய வண்டிக்கு, நிற்கவே முடியாத வண்டியின் ஹாரனை, அதுவும் பிரேக்கின் காற்றை எடுத்து மாட்டுவதை என்னால் பொறியியலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சட்டமும் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி, மாறி மாறி ஒலிக்கும் பல்சுருதி ஹாரன்களையும், காதைப் பிளக்கும், கிலி உண்டாக்கும் ஒலிக்கருவிகளையும் தடை செய்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற வண்டிகளுக்குத்தான் விலக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி, ஒலி மாசு விதிகளை மீறிய வண்டியை ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும். ஹாரன்களில் புல்லாங்குழல், தபலா போன்ற இந்திய வாத்தியங்களின் ஒலி வர வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அவ்வப்போது சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எச்சரிக்கை ஒலி சட்டென்று தொடங்க வேண்டும், புல்லாங்குழலின் அழகு மெல்லத் தொடங்குவதில் இருக்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பார்கள் என்று பார்க்க ஆவல்.

பிக்கப்பில் கம்ப்ரசர் மாட்டுவதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. மலைப்பாதையிலோ காட்டுப் பாதையிலோ டயரில் காற்றிறங்கினால் அதன் அருமை தெரியும். டேங்கை வாரம் ஒருமுறையாவது வடித்துவிடுங்கள். சேஃப்டி வால்வை ஒருபோதும் அடைக்காதீர்கள். லாரி உரிமையாளர்களிடம் கேட்பது இது: உங்கள் வண்டியில் ஏர் ஹாரன் இருந்தால், அதன் டியூப் எங்கே போய்ச் சேர்கிறது என்று படுத்துப் பாருங்கள். பிரேக் டேங்கில் சேர்ந்தால், அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் அதைக் கழற்றி, ஓட்டையைப் பித்தளை பிளக்கால் அடைத்துவிட்டு, எஞ்சினை நிறுத்திய பின் மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.